யாரிடமிருந்து வந்த பாட்டு

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த மூன்றாம் நாள்தான் என் கணவரிடம் கிதார் இருப்பது எனக்குத் தெரிந்தது. பீரோவுக்கு மேல் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டில் யாரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"பிடிக்கலேன்னா சொல்லிரு," என்றார்.

"சொன்னா விட்டுருவியளா?"

"விடமாட்டேன். தெரிஞ்சுக்கிடுதேன், அவ்வளவுதான்."

அந்தப் பதிலிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், ஆர்மோனியம் வாசிப்பேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று யாருமில்லை. கொழும்பிலிருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு, விரல் காய்த்துப்போகப் பழகியிருந்தார். கூட்டாளி ஒருவர் உண்டு. எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். அவருடைய அண்ணனுக்குக் கொழும்பில் வியாபாரம். ஊருக்கு வரும்போதெல்லாம் ராக் இசைத்தட்டுகள் கொண்டுவருவார். என் கணவர் கிதார் வாசித்தால் நண்பர் தப்ஸ் என்ற வட்டக் கைப்பறையைத் தட்டுவார். நான் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, காதைப் பொத்தாமல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த ஆண்டு குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. சாரல் விடாமல் அடித்தது. வெளியூர்க்காரர்களுக்காகப் பங்களா ஒன்றில் சாயங்காலக் கச்சேரி வைத்தார்கள். இவர்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அப்போது உலகமே கிறுக்குப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்துக் குழு ஒன்றின் பாட்டை என் கணவர் வாசித்தார். அதன் தொடக்கத்தில் கிதார் மட்டும் தனியாக வரும் ஒரு துண்டு உண்டு. அதற்கே கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்ததும் சென்னையில் பெரிய ஓட்டலில் பியானோ வாசிக்கும் ஒருவர் வந்து கைகொடுத்தார்.

"அருமையா வாசிக்கிறீங்க. கண்ணை மூடினா அந்த ரெக்கார்டேதான்," என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா ரெக்கார்டு என்கிட்டயே இருக்கே!" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு அருவிக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் கிதாரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தார். கிதார் மறுபடி வேட்டிக்குள் போனது. ஒரு மாதம் அதைத் தொடவில்லை. நண்பர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். "காப்பியடிச்சா பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைக்கேன். நான் மட்டும் என்னத்தச் செய்யுதேன்?" என்று ஒருநாள் என் கணவர் சோற்றில் கைவைத்தபடி கேட்டார்.

பிறகு நண்பரின் அண்ணன் கொழும்பிலிருந்து வந்தார். பழைய கடை ஒன்றில் கிடைத்ததாம், உறை கிழிந்த ஓர் அமெரிக்க இசைத்தட்டு. பாடியவர் ஒரு கறுப்பர். பத்து வருஷத்துக்கு முந்தியது. நண்பர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாத்தியாரே, பேசாம கேளும்."

முள் இறங்கியது. முதல் துண்டிலேயே என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த இங்கிலாந்துக் குழுவின் துண்டு அப்படியே அதில் இருந்தது. இல்லை, இதிலிருந்ததுதான் அதற்குப் போயிருந்தது.

"அவனும் எடுத்திருக்கான்!" என்றார். சிரித்தார். கண்ணும் கலங்கியது.

இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். ஆர்மோனியக் காது எனக்கு. "ரெண்டும் ஒண்ணு இல்லங்க. அமெரிக்கப் பெரியவர் ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லுதாரு. இங்கிலாந்துக்காரன் ஓடுதான்," என்றேன். பிறகு தோன்றியதையும் சொன்னேன். "நீங்களும் அப்படியே வாசிக்கல. கடைசி சுரத்தை நாதஸ்வரம் மாதிரி வளைச்சு இழுக்குதிய."

"நானா? எங்க?"

வாசிக்கச் சொல்லிக் காட்டினேன். தென்காசிப் பெரிய கோயில் ரதவீதியில் பிறந்து வளர்ந்தவர். காலையும் மாலையும் காதில் விழுந்த நாதஸ்வரம் விரலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது அவருக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்த ஒரு சுரத்தையே வளைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அமெரிக்கருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று சொன்னதும் அவர்தான். இசைத்தட்டில் கம்பெனி விலாசம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உங்கள் துண்டு இங்கிலாந்து வழியாகத் தென்காசி என்ற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, இங்கே அதில் நாதஸ்வரம் கலந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினோம். பதில் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஏர்மெயில் கவர் வந்தது. எழுதியவர் அந்த அமெரிக்கரின் மனைவி. தன் கணவர் இப்போது வாசிப்பது குறைவு, பகலில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்க்கிறார் என்று எழுதியிருந்தார். எங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாராம். மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்றாராம். அந்தத் துண்டு அவருடையதே இல்லையாம். சின்ன வயதில் அவர் ஊர்ச் சந்தையில், கண் தெரியாத ஒருவர் வாசித்துக் கேட்டதாம். பெயர் கேட்டுவைக்காமல் விட்டது இன்றைக்கும் மனதை உறுத்துகிறதாம். கடைசியில் ஒரு கேள்வி: நாதஸ்வரம் என்றால் என்ன, அதை ஊதுவார்களா, மீட்டுவார்களா?

நண்பர் அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டார். "கிட்டங்கியில மூட்டை தூக்குதாரா? அந்தக் கையா?" என்றார். என் கணவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அடுத்த சீசனிலும் அதே பங்களாவில் கச்சேரி. இந்தத் தடவை அந்தத் துண்டில் ஆரம்பித்து அவரே ஒரு பாட்டு அமைத்திருந்தார். வாசிக்குமுன் மைக்கில் பேசினார். சந்தையில் வாசித்த கண் தெரியாதவர், அவரிடம் கேட்ட அமெரிக்கர், அவரிடம் கேட்ட இங்கிலாந்துக் குழு என்று வரிசையாகச் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் இதென்ன பாடம் நடத்துகிறார் என்று சிரித்தார்கள். அவர் பொறுமையாகச் சொல்லிமுடித்துவிட்டுக் கிதாரை எடுத்தார்.

அந்த வரிசையில் தன்னைச் சொல்லவில்லை. நண்பர் தப்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, என் கணவரின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.