பின் அச்சு 1,850 கிலோ: வோல்சிங்ஹம் போன வழியில் இறக்கிய அரிசி

போன கோடையில், குட்மேய்ஸில் இருந்து நோர்ஃபோக்கில் உள்ள வோல்சிங்ஹம் மாதா திருத்தலத்துக்கு எங்கள் பங்கு மக்களோடு போனோம். ஏறத்தாழ 115 மைல். M11, A11 வழியாகப் போய், பார்ட்டன் மில்ஸில் A1065க்குத் திரும்ப வேண்டும். நிற்காமல் ஓடினால் மூன்று மணித்தியாலம் போதும். எனக்கு ஐந்தரை மணித்தியாலம் எடுத்தது. பிக்கப் வாங்கி, அதன் பின்தட்டில் கேம்பர் ஏற்ற நினைப்பவர்கள் அந்த மிச்ச இரண்டரை மணித்தியாலத்தின் கதையை வாசிப்பது நல்லது. எழுத எனக்கு விருப்பமில்லை.

கேம்பர் என்பது கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ள சின்ன அறை. பிக்கப்பின் பின்தட்டில் தூக்கி வைத்துக் கட்டிக்கொள்ளலாம். வேண்டாதபோது நான்கு கால்களில் நிறுத்திவிட்டு வண்டியைத் தனியே ஓட்டலாம். ஓய்வு பெற்றதும் இரண்டையும் பழையதாக வாங்கினேன். வண்டி 1,040 கிலோ சுமக்கும் என்று விளம்பரத்தில் இருந்தது. பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரங்களில் நான் அதைச் சுருக்கி, "ஒரு தொன் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நம் சனத்திடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அண்ணை, சும்மாதானே போறியள், இதையும் ஒருக்கா ஏத்துங்கோ" என்று தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் வந்தன. மறுக்க மனமில்லை. உண்மையில், கேட்கிறார்களே என்ற பெருமை. மொத்தம் 140 கிலோ.

ஜெசிந்தா அக்கா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. மன்னாரைச் சேர்ந்தவர், இல்ஃபோர்டில் தனியாக இருக்கிறார். மகளின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் மடிப்பிச்சை எடுத்த அரிசியில் யாத்திரிகர்களுக்குச் சோறு கொடுப்பதாக நேர்ந்திருந்தார். மகள் எழுந்து நடந்ததும், இல்ஃபோர்டிலும் குட்மேய்ஸிலும், கிங்ஸ்பரி வரைக்கும் போய், வீடு வீடாகச் சேலைத் தலைப்பை ஏந்தி அரிசி வாங்கினார். நான்கு மூட்டை, 80 கிலோ. சமைக்க இரண்டு கிடாரம், 40 கிலோ. அந்த அரிசிக்குப் பதிலாகக் கடை அரிசி வாங்க முடியாது. வாங்கினால் அது நேர்த்தி இல்லை.

"உம்மை நம்பித்தான் தம்பி தாறன்" என்றார். அவரையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டோம்.

நான் செய்த கணக்கு இது: 1,040இல் கேம்பரின் 590 போனால் 450 மிச்சம். அதோடு பேனாவை மூடிவிட்டேன். நாற்பது வருடம் செய்தியாளனாக இருந்தவன். இறந்தவர்களின் வயதைக்கூட இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதியதில்லை. என் சொந்த வண்டிக்கு விளம்பரக்காரன் சொன்ன ஒரு எண் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காலை 7.40க்குப் புறப்பட்டோம். முன் சில்லு கொஞ்சம் லேசாக இருப்பதுபோல ஸ்டியரிங்கில் தெரிந்தது. "இஞ்சாருங்கோ, வண்டி குந்திக்கொண்டு போகுது" என்றாள் என் மனைவி ரீற்றா. புது வண்டிகள் அப்படித்தான் என்றேன். அது புது வண்டியும் இல்லை.

A11இல் வாகனச் சோதனைக்காரர்கள் எங்களை ஓரமாகத் திருப்பி நிறை பார்த்தார்கள். வண்டியின் மொத்த எல்லை 3,200, இருந்தது 3,450. அதைவிட மோசம் பின் அச்சு: எல்லை 1,850, இருந்தது 2,170. இரண்டு எல்லைகளும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தகட்டில் அச்சடித்திருந்தன. தினமும் அதைத் தாண்டித்தான் ஏறியிருந்தேன். முன்னூறு பவுண் தண்டம். பின் அச்சில் 320 கிலோ குறையும்வரை வண்டி நகர முடியாது.

நான் பின்கதவைத் திறந்தேன். முதலில் இறக்கியது அரிசி மூட்டைகளை. பிறகு கிடாரங்கள். பிறகு போத்தல் பெட்டிகள். கேம்பரின் பின்புறச் சட்டத்தில் எங்கள் இரண்டு சைக்கிள்கள் தொங்கின. உள்ளே என் ஜெனரேட்டர் இருந்தது. தண்ணீர்த் தாங்கியில் எழுபது லீற்றர் நிரம்பியிருந்தது. அவற்றில் ஒன்றையும் என் கை தொடவில்லை. யோசித்துத்தான் அவற்றை விட்டுவைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவை என்னுடையவை, ஆகவே அவை சுமையாகவே என் கண்ணுக்குப் படவில்லை.

மறுபடி நிறை பார்த்தார்கள். இன்னும் அறுபது கிலோ கூட.

பின் இருக்கையில் இருந்து ஜெசிந்தா அக்கா இறங்கினார். "நானும் ஒரு அறுவது கிலோ இருப்பன். என்னையும் இறக்கிப் போடுங்கோ தம்பி" என்றார். கோபமே இல்லை குரலில். போய்த் தன் அரிசி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார்.

அப்போதுதான் சோதனை அதிகாரி ஒருவர் சைக்கிள்களைக் காட்டி, அவற்றை ஏன் கழற்றவில்லை என்று கேட்டார். அச்சுக்கு வெகு பின்னால் தொங்கும் சாமான் தன் நிறையைவிடக் கூடுதலாக அழுத்தும் என்றார். சைக்கிள்களைக் கழற்றி, தண்ணீரையும் திறந்துவிட்டதும் எண் எல்லைக்குள் வந்தது. அந்த இரண்டையும் முதலில் செய்திருக்கலாம்.

எங்களுக்குப் பின்னால் வெறும் வான் வண்டியில் வந்துகொண்டிருந்த பங்கு இளைஞன் அன்ரனை அழைத்தேன். முக்கால் மணித்தியாலத்தில் வந்தான். வீதியோரத்தில் வரிசையாக இருந்த மூட்டையையும் கிடாரத்தையும் அக்காவையும் பார்த்தான்.

"ஒரு தொன் அண்ணை, எங்க போச்சுது உங்கட தொன்?"

"ஏத்தடா முதல்ல."

"ஏத்துறன் ஏத்துறன். சைக்கிளுமோ? அது உங்களுக்குத் தேவைப்படும், நடந்து வரவேண்டி வந்தால்."

அக்கா அவனுடைய வானில் ஏறிக்கொண்டார். என் வண்டியில் இடமிருக்கிறது என்றேன். "வேண்டாம் தம்பி, அரிசியோடயே போறன்."

ஒன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடார வெளிக்கு இரவுக்கு 28 பவுண். மறுநாள் பூசைக்குப் பிறகு கிடாரங்களில் சோறு வெந்தது. எல்லோருக்கும் போட்டதுபோல அக்கா எனக்கும் போட்டார். மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு. சாப்பிட்டு முடிக்கக் கஷ்டப்பட்டேன்.

திரும்பி வந்த கிழமையே பொது எடைமேடைக்குப் போனேன். இருபது பவுண் கட்டணம். அதை வண்டி வாங்கிய அன்றே கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கொடுங்கள். முதலில் கதவுத் தகட்டைப் படியுங்கள். மொத்த நிறையோடு பின் அச்சின் எல்லையையும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் முதலில் மீறும். கேம்பர் விற்பவர் சொல்வது வெறும் கேம்பரின் நிறை. பிறகு பூட்டும் வெயில் மறைப்பு, மின்கலம், எரிவாயு, தண்ணீர், இழுவைக் கொக்கி எல்லாம் அதற்கு மேல். வண்டியின் சுமை எல்லையில் 75 கிலோ ஓட்டுநர் மட்டும்தான் கழிக்கப்பட்டிருப்பார், நான் 85. கூட வருகிறவர்கள் எல்லோரும் சுமைதான். தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். பாரமானதைக் கேம்பரின் முன்பக்கம், அச்சுக்கு முன்னால் வையுங்கள். கேம்பர் ஏற்றி, ஆட்களோடு நிறுத்துப் பார்த்த பிறகுதான் யாருக்கும் எதையும் ஏற்றுவதாகச் சொல்லுங்கள்.

எடைமேடையில் நான் அப்படித்தான் செய்தேன். தாங்கி நிறையத் தண்ணீர், ரீற்றா, ஜெசிந்தா அக்காவுக்குப் பதிலாக அவருடைய நிறையில் மணல் பை. ஜெனரேட்டரும் சைக்கிளும் வீட்டில். 3,080. மிச்சம் 120 கிலோ, அதை முன்பக்கம் வைத்தால் பின் அச்சும் எல்லைக்குள் நிற்கும். நான்கு மூட்டையும் இரண்டு கிடாரமும் 120 கிலோ. தொனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவர் என்னிடம் தந்ததற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

எடைமேடையில் தந்த நிறைச் சீட்டோடு இரண்டு மாதம் இருந்தேன். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு அக்காவிடம் போனேன். அடுத்த முறை நூற்றிருபது கிலோ உங்களுக்கு என்று சொன்னேன். வண்டியை நிறுத்துப் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

தேநீரை ஊதிக் குடித்தார். "அந்த நூற்றியிருபதுக்குள்ள உம்மட சைக்கிளும் இருக்கோ?"

"இல்லை அக்கா. அது வீட்டிலதான் நிக்கும்."

"அப்ப வாறன்."