ஆயாக் கொட்டகையில் ஒரு காலித் தொட்டில்

போன புதன்கிழமை லூபோக் சீனா பக்கத்தில் ஓர் எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர் என் சிநேகிதர், யாழ்ப்பாணத்துக்காரர். மலாக்கா டவுனில் ஒரு சிங்களத்து பிக்குவின் பிரசங்கத்தைச் சேர்ந்து கேட்டதிலிருந்து எங்கள் இருவருக்கும் புத்தர் பைத்தியம். சந்தித்தால் போதும் – பற்று, விழிப்பு, விடுதல்... டீ ஆறிப் போகும்.

அன்றைக்கும் ஆபீஸ் வாசலில் நின்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். எதிரே ஆயாக் கொட்டகை. பெண்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். விட்டம் நெடுக சேலைத் தொட்டில்கள். ரப்பர் விலை விழுந்து பக்கத்துத் தோட்டத்தை மூடிவிட்டதால் அந்த ஜனங்களும் இங்கே வந்துவிட்டார்கள். இடம் போதாமல் சில பிள்ளைகள் தரையில் விரித்த சாக்கில் கிடந்தன.

ஆனால் ஒரு தொட்டிலில் மட்டும் பல மாதமாகப் பிள்ளை இல்லையாம்.

லெட்சுமி என்பவளின் தொட்டில் அது என்றார் கிராணி. மழைக்காலத்துக் காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. இன்னமும் தினம் வெட்டிய பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வருவாளாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் ஊர்க்கதை பேசுவாளாம். கை தன் பாட்டுக்குக் காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்குமாம். அவிழ்க்கச் சொல்ல ஆயம்மாவுக்கு மனசு வரவில்லை.

“நானும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது?” என்றார்.



அந்த நேரம் பார்த்து லெட்சுமி வந்தாள். வழக்கம்போல் பேசிக்கொண்டே தொட்டிலில் கை வைத்தாள். ஆட்டினாள். கை நின்றது.

உள்ளே ஒரு குழந்தை!

மூடின தோட்டத்திலிருந்து புதிதாக வந்த வள்ளி, காலியாக இருக்கிறதே என்று காலையில் தன் பிள்ளையை அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஆயம்மா கவனிக்கவில்லை. பின்னாலேயே வந்த வள்ளிக்கு யாரோ விஷயத்தைச் சொல்ல, பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள்.

“செத்த புள்ள தொட்டிலா? முன்னயே சொல்லியிருக்கக் கூடாதா?”

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? எந்தத் தாய்தான் பயப்பட மாட்டாள்? ஆனால் லெட்சுமியின் முகம்... அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவளோ ஆடிக்கொண்டிருந்த துணியைக் கையால் நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாக ஆட்டினாளே தவிர, ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. விழிப்பு விழிப்பு என்று நாங்கள் பேசுவதெல்லாம் இந்தப் பார்வையைத்தானோ?

பிறகு அங்கே கிடந்த உட்காரும் பலகை மேல் ஏறினாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. ஆயம்மா கத்தி கொடுத்தாள். வேண்டாமென்று தலையசைத்து நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்தாள். சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“என் சேலைய நான் எடுத்துக்கிட்டேன், தங்கச்சி. விட்டம் ஒண்ணும் செய்யாது. ஒன் சேலையக் குடு.”

வள்ளி தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். லெட்சுமி அதே இடத்தில் அதைக் கட்டி, இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்து, முடிச்சு தாங்கும் என்று தெரிந்த பிறகு இறங்கினாள்.

“நீயே ஆட்டுலா, தூங்கிரும்” என்று சொல்லிவிட்டுத் தன் வீடிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தாள்.

பாதி வழியில் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தாள். அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை போனதிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்றாள் ஆயம்மா.

பற்றை விட்டவர்கள் அழ மாட்டார்கள் என்று எனக்கு யார்தான் சொல்லிவைத்தார்களோ!