மெஷின் பச்சை காட்டிய பாக்கெட்

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து, சத்துமாவு, கஞ்சி மாவு வகைகள் செய்து இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். இப்போதும் அதையேதான் செய்கிறேன். ஆனால் அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொங்கும்.

வேர்க்கடலையை எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைதான். பிடுங்கும் காலத்தில் வேகவைத்ததைச் சாப்பிட்டே வளர்ந்தவள் நான். அதைத் தின்றால் ஒரு குழந்தைக்கு மூச்சடைக்கும், உயிரே போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு அம்மா போன் செய்து, தன் பிள்ளைக்கு மல்லாட்டை துளி பட்டாலும் உதடு வீங்கிவிடும், அது சேராத மாவு கிடைக்குமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்காகத் தனியாக ஒரு மாவு செய்ய ஆரம்பித்தேன். தனி மிஷினில் அரைத்து, ஷெட்டின் இன்னொரு மூலையில் வைத்துக் கவரில் போட்டு ஒட்டுவோம். அதை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வேறு எங்கேயும் போக மாட்டார்கள்.

அதுவரைக்கும் வேலையெல்லாம் கையால்தான். இணையக் கடையில் ஆர்டர் விழுந்தால் நோட்டில் எழுதுவேன், ஸ்டாக் தாளில் கழிப்பேன், கூரியர்காரர்களின் இணையப் பக்கத்தில் போய் மறுபடி முகவரி அடிப்பேன், பிறகு பில் போட்டு அக்கவுன்ட்ஸில் ஏற்றுவேன். ஒரே பெயரை நாலு இடத்தில் அடிப்பேன். ஆர்டர் கூடக்கூட என்னால் முடியவில்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கடை, ஸ்டாக், கூரியர், அக்கவுன்ட்ஸ் நாலையும் ஒன்றாக இணைத்துவிடுகிறோம், ஆர்டர் விழுந்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும் என்றார்கள். எனக்குக் கோயில் கதவு திறந்த மாதிரி இருந்தது.

எந்த மாவு அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். நானே உட்கார்ந்து அடித்து மெயிலில் அனுப்பினேன். மல்லாட்டை சேர்ந்த சாதாரண சத்துமாவு நாலாம் தட்டு. மல்லாட்டை இல்லாதது பதினோராம் தட்டு. ஒவ்வொரு கவரிலும் தட்டு எண்ணுக்கான கோடு கோடான ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். மாவின் பெயர் போட்ட லேபிள், ஆர்டர் வந்த பிறகுதான் அச்சாகும். ஆர்டருக்கு அச்சாகி வரும் சீட்டை ஸ்கேன் செய்து, கவரை ஸ்கேன் செய்தால், இரண்டும் பொருந்தினால் மெஷின் பச்சை காட்டும், லேபிள் வெளியே வரும். பொருந்தாவிட்டால் சிவப்பு. லேபிள் வராது. தப்பே நடக்க முடியாது என்று அந்த ஆள் என் மேசைமேல் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆரம்பித்தோம். அன்றைக்கு மதியமே என்னிடம் பாக்கிங் பார்த்துக்கொண்டிருந்த பெண் இரண்டு கவரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள். பி.காம். படித்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். மூன்று வருஷமாக அந்த ஷெட்டில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

"அக்கா, இது மல்லாட்டை போட்ட மாவு. இதுக்குப் பச்சை காட்டுது. மல்லாட்டை இல்லாததுன்னு லேபிள் குடுக்குது. சரியான கவரை வெச்சா செவப்பு காட்டுது. இன்னான்னு பாருங்களேன்" என்றாள்.

என் ஒரு காதில் போன். கூரியர் வண்டி வர அரைமணிதான் இருந்தது. நாற்பது பார்சல் கட்டாமல் கிடந்தது. பழைய ஞாபகத்தில் ஆட்கள் மாற்றி எடுப்பார்கள், விடாதீர்கள், ஒருவர் மாற்றி எடுத்தால் மொத்த ஸ்டாக்கும் குழம்பிவிடும் என்று கம்பெனிக்காரர் காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது.

"உன் மூளைய நடுவுல கொண்டாராத. மெஷின் எதுக்குப் பச்சை காட்டுதோ அத எடுத்துப் போடு" என்றேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. மற்ற மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. கவர்களோடு திரும்பிப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது என்று ரொம்ப நாள் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பொய். முழுசாகத்தான் விழுந்தது. மெஷினைவிட அவளுக்குத் தெரியும் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். சேலத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். அவருடைய ஐந்து வயது மகளுக்குக் காலையில் எங்கள் கஞ்சியை இரண்டு ஸ்பூன் ஊட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் உதடும் கண்ணும் வீங்கி, குழந்தை மூச்சுக்குத் தவித்திருக்கிறது. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஊசி போட்டு, இப்போது மூச்சு சீராக வருகிறது என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீங்க மல்லாட்டை இல்லன்னு எழுதியிருந்ததை நம்பித்தான் குடுத்தேன்" என்றார். வேர்க்கடலை என்று சொல்லாமல், என் வாயில் வரும் மல்லாட்டை என்ற சொல்லையே சொன்னார். அவ்வளவு நாள் வாடிக்கை. போனை வைத்துவிட்டார்.

உடனே ஷெட்டில் எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். பார்க்கிறேன் மேடம் என்றார். அரைமணியில் அவரே கூப்பிட்டு, சிஸ்டத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். திறந்து பார்த்தேன். உண்மைதான். வெள்ளிக்கிழமையிலிருந்து போன ஒவ்வொரு ஆர்டரிலும், மல்லாட்டை இல்லாத மாவு என்றால் பதினோராம் தட்டு என்றே இருந்தது. ஸ்கேனரில் வைத்துப் பார்த்தால் பதினோராம் தட்டுக் கவருக்கு இப்போது பச்சை எரிந்தது. சத்தமில்லாமல் திருத்திவிட்டு, பழைய ஆர்டர் பதிவுகளையும் சரியான எண்ணுக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். நடந்தது நடந்த சுவடே இல்லை.

"உங்க ஸ்டாஃப்தான் மாத்தி எடுத்திருப்பாங்க மேடம். பேக்கிங்ல இது சகஜம்" என்றார் அவர்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. ஆனால் அவரோடு சண்டை போட அப்போது நேரமில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இன்னும் எத்தனை வீட்டுக்குத் தப்பான கவர் போயிருக்கிறது? சிஸ்டத்தைக் கேட்டால் ஒன்றுமே போகவில்லை என்கிறது.

பாக்கிங் பெண் உள்ளே போய் ஒரு கம்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஸ்கேன் செய்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். அவள் ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் கம்பியில் குத்தி வைத்திருந்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்த சீட்டில் எல்லாம் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி. மல்லாட்டை இல்லாத மாவு, தட்டு நாலு என்று அச்சில் தெளிவாக இருந்தது. ஏன் எடுத்து வைத்தாய் என்று கேட்டேன்.

"எதுனா ஒண்ணுன்னா எங்க தலையிலதான வந்து விழும்" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மொத்தம் ஒன்பது சீட்டு. சேலம் போக எட்டு வீடு. நானும் அவளும் ஆளுக்கு நாலாகப் பிரித்துக்கொண்டு போன் போட்டோம். மூன்று பார்சல் இன்னும் வழியில் இருந்தது, கூரியர் ஆபீசில் கெஞ்சித் திருப்பி வாங்கினோம். மூன்று வீட்டில் வந்திருந்தது, பிரிக்கவில்லை. ஒரு வீட்டில் டப்பாவில் கொட்டி, சாயந்திரம் கஞ்சி காய்ச்ச எடுத்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா பதறிப்போய் என்னைத் திட்டிய திட்டை நான் நின்று வாங்கிக்கொண்டேன். கடைசி ஒன்று, திண்டிவனம். அன்று காலையில் டெலிவரி ஆனதாகக் காட்டியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

பாக்கிங் பெண்ணை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முகவரியைக் கண்டுபிடித்துப் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். பார்சல் அவரிடம்தான் இருந்தது, காலடியில், பிரிக்காமல். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் அவர் தரமாட்டேன் என்றார். நீங்கள் யாரோ, நான் எப்படி நம்புவது, அவர்கள் வந்தால் அவர்களிடம்தான் கொடுப்பேன் என்று காலால் உள்ளே தள்ளிக்கொண்டார். நான் சத்தம் போட வாயெடுத்தேன். பாக்கிங் பெண் என் கையைப் பிடித்தாள். அவர் செய்வதுதான் சரி, நாம் காத்திருப்போம் என்றாள். இரண்டு பேரும் வாசலில் வெயிலில் நின்றோம்.

நாலரை மணிக்கு அந்த வீட்டு அம்மா வந்தார். வேலை செய்யும் இடத்தில் போனை வெளியே வைத்துவிட வேண்டுமாம். பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் பையனைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். பார்சலை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் உங்களிடம் வாங்க மாட்டேன் என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல.

இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பாக்கிங் கட்டத்தில் ஆளின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்றும், ஆட்களுக்குச் சரியான பயிற்சி தரும்படியும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, சீட்டுக் கம்பியையும் நான் அனுப்பிய பட்டியலையும் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். அவளும் கூட வந்தாள். ஏ.சி. ரூமில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். மேனேஜர் ரொம்ப இனிமையாகப் பேசினார். பாக்கிங் தப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், ஒரு வருஷத்துக்கு எல்லாம் இலவசம் என்றார்.

நான் ஒன்பது சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் என் பட்டியல். நாலும் பதினொன்றும் அவர்கள் ஏற்றும்போதுதான் இடம் மாறியிருக்கிறது என்பது ஒரு நிமிஷத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. "ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிச்சிருக்கு. நீங்க கணக்கைத் திருத்தினீங்க. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல" என்றேன். என் குரல் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மன்னிப்பு வரவில்லை. அடுத்த வாரம், தட்டு எண்கள் தங்கள் பக்கம் தவறாகப் பதிவாகியிருந்தன, சரிசெய்யப்பட்டுவிட்டன என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார்கள். அந்த இரண்டு வரியை வாங்கத்தான் அத்தனை அலைச்சல். அவள் பெயரில் அந்தத் தப்பு நிற்கக் கூடாது என்பதற்காக. அவர்களோடு உறவை அன்றோடு முறித்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் அவளிடம் என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"அன்னிக்கு எல்லார் எதிர்லயுந்தான திட்னீங்க. இப்ப தனியா சொன்னா எப்பிடிக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மறுநாள் காலையில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அவள் சொன்னது சரி, நான் செய்தது தப்பு, என் பேச்சால்தான் அந்தக் கவர்கள் வெளியே போயின என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

சேலத்து அம்மாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை, குழந்தை நன்றாக இருக்கிறாள், தயவுசெய்து இனிமேல் கூப்பிடாதீர்கள் என்றார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

இப்போது வேறு ஒருவர் செய்துகொடுத்த மெஷின் இருக்கிறது. அதுவும் பச்சையும் சிவப்பும் காட்டுகிறது. ஆனால் எங்கள் ஷெட்டில் யார் சந்தேகம் என்று சொன்னாலும், வேலைக்கு வந்து ஒரு நாள் ஆனவள் சொன்னாலும், அந்தப் பார்சல் அங்கேயே நிற்கும். கூரியர் வண்டி போனால் போகட்டும். அந்தக் கம்பெனியை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அவர்கள் ஏற்றிய தப்பான எண்ணுக்காக, உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்த ஒருத்தியின் வாயை அடைத்தது நான்தான் என்று தெரிந்த பிறகு, அந்தக் கோபத்தில் பாதியை என் பங்காக நானே சுமந்துகொண்டிருக்கிறேன், இறக்கி வைக்க மனசில்லாமல்.