சம்பளமில்லாமல் வந்தவர்

போன வாரம் தாமல் கன்னியப்பன் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னான்: "சார், நம்ம இங்கிரிட் அம்மா போயிட்டாங்களாம். அவங்க தங்கச்சி லெட்டர் போட்டுருக்காங்க." செய்தி மனதில் இறங்குவதற்குள், கடிதம் எனக்கு வராமல் அவனுக்கு ஏன் வந்தது என்று யோசித்தேன். அவர் விஷயத்தில் என் மனம் எப்போதும் முதலில் சந்தேகத்தின் பக்கம்தான் திரும்பும்.

இளைஞர்களுக்குச் சொந்தத் தொழில் தொடங்கக் கற்றுத்தரும் நம் வகுப்பு காஞ்சிபுரத்தில் ஒரே அறையில் நடந்துகொண்டிருந்தது. அதை வளர்த்துத் தருவதற்காக ஸ்வீடனிலிருந்து அவர் வந்தார். அங்கே ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அதைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாண்டு சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்தார். பள்ளி ஆசிரியராக ஓய்வுபெற்ற நான், அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல அமர்த்தப்பட்டேன். "மதம் மாத்த வந்துருக்குது" என்றார்கள் சிலர். "சேலை பார்டர வரைஞ்சிக்கினு போவ வந்துருக்குது" என்றார்கள் நெசவாளர் தெருவில். வேவு பார்க்க என்றவர்களும் உண்டு. நான் எதையும் நம்பவில்லை. எதையும் தள்ளவும் இல்லை. அவர் கோபுரத்தைப் படமெடுத்தபோதுகூட, கேமராவை வேறு எந்தப் பக்கமாவது திருப்புகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் படித்த உங்களுக்கு அந்தக் கடைவீதிச் சண்டை நினைவிருக்கும். கடை திறந்தவுடன் போய் விலை விசாரித்து வரும்படி அவர் உங்களை அனுப்பினார். போணி ஆவதற்குமுன் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவதை இங்கே யாரும் பொறுக்கமாட்டார்கள் என்று நான் முன்பே மெல்லச் சொன்னேன். மிகவும் மெல்லச் சொன்னேனோ என்னவோ. காதில் விழுந்தும்தான் அனுப்பினாரோ என்றும் பின்னர் தோன்றியது. மூன்றாம் நாள் சைக்கிள் டயர் கடை சீனிவாசலு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மொத வியாபாரமே ஆவல, வெல கேட்டுட்டு வெறுங்கைய வீசிக்கினு போறானுங்க! இன்னா படிப்பு சார் இது? இனிமே இவனுங்க ஒருத்தனுக்கும் கடனுக்கு ஒரு டியூப்கூடக் கெடையாது."

அந்தப் பேச்சின் அடி கன்னியப்பன் மேல் விழுந்தது. தன் ஊரான தாமலில் வாடகை சைக்கிள் கடை போட இடம் பிடித்திருந்தான். அதற்காகப் பண்ணை வேலையை விட்டிருந்தான். திரும்பிப் போனால் சேர்க்கமாட்டார்கள். டயர் கடனுக்குக் கிடைக்காவிட்டால் கடையும் இல்லை.

இங்கிரிட் அம்மா அவனிடம் கேட்டார்: "நாளை உன் கடையில் ஒருவன் இப்படிச் செய்தால்?"

"செருப்பு பிஞ்சிடும்மா" என்றான். அதையும் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் மரியாதையாக.

அவர் சிரித்தார். "அப்படியானால் தவறு என் பாடத்தில்தான்." விலை விசாரிப்பைப் பிற்பகலுக்கு மாற்றினார். கன்னியப்பனைத் தினமும் சீனிவாசலு கடை திறக்கும் நேரத்தில் போய், பேரம் பேசாமல் மலிவான சின்ன வால்வ் டியூப் ஒன்று வாங்கிவரச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவேண்டாமா என்றேன். "கடைக்காரரிடம் கடைக்காரர் பேசுவது இப்படித்தான்" என்றார். ஆளைப் பழக்கிக் காரியம் சாதிக்கும் தந்திரமோ என்று எனக்கு உறுத்தியது.

சில வாரங்கள் சென்றன. காய்ச்சலால் ஒருநாள் அவன் தாமதமாகப் போனபோது நானும் உடன் சென்றேன். சீனிவாசலு வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கப்பா பூட்ட? வந்தவனையெல்லாம் அப்பறம் வான்னு அனுப்பிக்கினு இருக்கறேன். உன் கையால போணி ஆனாத்தான் நல்லா ஓடுது."

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவனின் கையை ராசியான கை என்று அந்தக் கடைவீதியில் யாரும் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றே டயர்கள் கடனுக்கு வந்தன. கடையும் திறந்தது.

"நீங்கள் போணியை நம்புகிறீர்களா?" என்று இங்கிரிட் அம்மாவிடம் கேட்டேன். "தினமும் காலையில் வருகிற முகத்தை நம்புகிறேன்" என்றார். அது பதிலா, நழுவலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர் ஊருக்குக் கிளம்பிய நாளில்தான் துணிவு வந்தது. "உண்மையில் எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"இந்தக் கேள்வி முதல் நாளிலிருந்தே உங்கள் முகத்தில் இருந்தது. ஆனாலும் நான் சொன்னதை நீங்கள் மாற்றிச் சொன்னதே இல்லையாம். ஆங்கிலம் தெரிந்த மாணவர்களிடம் அவ்வப்போது கேட்டுக்கொண்டேன்" என்றார்.

அவரும் என்னை விசாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! இருவரும் சிரித்தோம். பதில் சொல்லாமலே பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

அவர் எதற்காக வந்தார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரியாமலேதான் இரண்டாண்டு அவருடைய சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தேன். சந்தேகம் தீராதபோதும் ஒருவருக்கு நேர்மையாக வேலை செய்ய முடியும் என்பது, அவரிடமிருந்து கற்றதாக என்னிடம் தங்கியிருக்கிறது.