தழும்பில்லாத ஓனோதேரா

உடம்பில் ஒரு கீறல்கூட விழாமல் ஒருவருக்குப் புற்றுநோய் வந்து போனால், அவரை நோயாளி என்பதா, வாயாடி என்பதா? டாக்சி ஓட்டும் ஓனோதேராவின் அறுபத்து மூன்றாம் வயது எங்கள் முன் வைத்த கேள்வி இது.

அகிதா பக்கத்துக் கடலோர ஊர் எங்களுடையது. உப்பில் ஊறிய முள்ளங்கி இல்லாமல் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. அந்த உப்பாலோ என்னவோ, இரைப்பைப் புற்று ஏறக்குறைய ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. மாலையில் பொதுக் குளியல் கூடத்துக்கு வருபவர்களில் மூன்று பேருக்கு நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தழும்பு உண்டு. அவர்களில் மூத்தவர் சுகவாரா, டோஃபு கடை நடத்தியவர். இரைப்பை முழுவதையும் பறிகொடுத்தவர் என்பதால் வெந்நீர்த் தொட்டியின் நல்ல மூலை அவருக்குத்தான்.

ஓனோதேரா வருடாந்தரப் பரிசோதனையில் எக்ஸ்ரே படத்துக்காகப் பேரியக் கரைசல் குடித்துவிட்டு, ஏப்பம் விடக்கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் விட்டவர். படம் கெட்டதால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் உட்சுவரில் நகமளவு சிவப்பு, ஆரம்பப் புற்று. மறுபடியும் வாய் வழியே குழாய் போயிற்று, இம்முறை நுனியில் மின்கத்தியோடு. சிவப்புக்கு அடியில் மருந்து நீரைச் செலுத்தி உப்ப வைத்து, அந்தப் படலத்தை மட்டும் சீவி எடுத்தார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். சில நாளில் குளியலுக்கும் வந்தார்.

“எனக்கும் புற்றுநோய்தான் அண்ணே.”

சுகவாரா அவருடைய தொப்பையை மேலும் கீழும் பார்த்தார். “எங்கய்யா வெட்டுனாங்க?”

“வெட்டல. வாய் வழியாவே எடுத்துட்டாங்க.”

“வாய் வழியா எடுத்தா அதுக்குப் பேரு பல்லுய்யா.”

தொட்டியே தளும்பியது.

ஓனோதேராவுக்கு அது உறைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்கு, குணமானதும் சோப்புப் பெட்டி கொடுப்பது இங்கே வழக்கம். கரையும் பொருளோடு நோயும் கரைந்து போகுமாம். சீவி எடுத்ததைச் சோதித்த முடிவு வரட்டும் என்று மனைவி கினுகோ எவ்வளவோ சொன்னாள். கேட்காமல், பார்க்க வராதவர்களுக்கும் சேர்த்து இருபத்தாறு வீட்டுக்குக் கொடுத்து முடித்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்று நினைத்ததைவிட மயிரிழை ஆழம் போயிருந்தது.

“நூத்துல அஞ்சாறு பேருக்கு வெளியில பரவியிருக்கலாம்,” என்றார் மருத்துவர். “இரைப்பைல மூணுல ரெண்டு பங்க எடுத்துட்டா நல்லது. எடுக்காம அப்பப்போ பரிசோதனை பண்ணியும் பாக்கலாம். ஆனா பரவியிருந்துச்சுன்னா அப்புறம் கஷ்டம். பத்து நாள்ல சொல்லுங்க.”

அன்று குளியலில் சுகவாரா, “குடுத்த சோப்பையெல்லாம் திருப்பிக் கேப்பியாய்யா?” என்று தொடங்கிவிட்டு, குரலைத் தணித்தார். “வெட்டிக்க. நான் பதினெட்டு வருஷமா இருக்கேன்ல?”

“எப்படிண்ணே இருக்கீங்க?”

“கோழி மாதிரிதான். நாளைக்கு ஆறு தடவ கொத்திக்கிட்டு.”

தழும்புக்காரர்கள் மூவரும் நகர்ந்து ஓனோதேராவுக்கு இடம் விட்டார்கள். நான் பார்த்தவரையில் அந்தத் தொட்டியில் யாரும் யாருக்கும் செய்யாத மரியாதை அது.

கினுகோ வீட்டில் சுற்றி வளைக்கவில்லை. “நீங்க செத்து கித்துப் போனா அந்த இருபத்தாறு வீட்டுக்கும் நான் என்னங்க சொல்றது?”

வெட்டிக்கொள்வார் என்றே எல்லாரும் நினைத்தோம். தழும்புக்கு ஏங்கியவர், உயிராசையும் உள்ளவர். பயணி இறங்கிய பிறகும் பேச்சை நிறுத்தாத மனிதர், அந்தப் பத்து நாளும் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பத்தாம் நாள் செய்ததற்கு மட்டும் அவர் இன்றுவரை காரணம் சொன்னதில்லை. தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் என்று சொல்லவும் ஆதாரமில்லை.

பத்தாம் நாள் மருத்துவர் மேசையில் இரண்டு தாள்கள். அறுவைக்கான தாளைக் கினுகோ முன்பே நிரப்பி, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரைக்கான இடத்தை மட்டும் விட்டிருந்தாள். ஓனோதேரா அதை ஒழுங்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு மற்றத் தாளை இழுத்து, அறுவை வேண்டாம் என்ற வரிக்குக் கீழே தம் முத்திரையை அழுத்தினார்.