மஞ்சள் பூசிய கழுத்து

செங்கல்பட்டில் பிரேதப் பரிசோதனை மருத்துவராகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, பிணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொன்னால் எப்படிச் செத்தது என்று சொல்லிவிடும் அளவுக்கு வந்துவிட்டேன். மதுராந்தகம் பக்கம் என்றால் பூச்சிமருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் ஹெல்மெட் போடாத பைக். மாமல்லபுரம் என்றால் குடித்துவிட்டு அலையில் இறங்கிய கல்லூரிப் பையன்கள். கல்யாணமான இளம்பெண் என்றால் மட்டும் எந்த ஊராக இருந்தாலும் ஒரே காரணம்தான்: தீராத வயிற்றுவலி. வலி தாங்காமல் தூக்கு, வலி தாங்காமல் கிணறு. அந்த வயிறுகளையெல்லாம் நான் திறந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குடலும் இரைப்பையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கும்.

என் அக்கா செத்தபோதும் அதையேதான் சொன்னார்கள். கல்லைத் தின்றாலும் செரித்துக்கொள்கிற வயிறு அவளுக்கு. அவள் புருஷன் மறு வருஷமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். இன்றைக்கும் எங்கள் ஊர் ஏரிக்கரையில் பைக்கில் ஜோராகப் போய்க்கொண்டிருக்கிறான். அவனை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். யாராவது கேட்டால் சேவை, அறிவியல் என்று சொல்வதெல்லாம் சும்மா.

சில வருஷங்களுக்கு முன் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அலை இழுத்துப்போய்க் கரையில் ஒதுக்கியதாம். போலீசுக்குச் சொல்வதற்கு முன்பே வீட்டுக்குத் தூக்கிப்போய், குளிப்பாட்டி, சுமங்கலிச் சாவு என்று மஞ்சள் பூசி, பூவும் வைத்திருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகவில்லை என்பதால் சட்டப்படி பரிசோதனை செய்யாமல் விட வழியில்லை.

புருஷன் பிணவறை வாசலிலேயே நின்றான். "அலை இஸ்துகினு பூட்ச்சி மேடம். இதுல இன்னாத்த பாக்கப் போறீங்க? சீக்கிரம் குட்த்தீங்கன்னா வெளிச்சத்துலயே எடுத்துடுவோம்."

"இருப்பா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மஞ்சளை முகத்திலும் கை கால்களிலும்தான் பூசுவார்கள். இவளுக்குக் கழுத்தில் அப்பியிருந்தது. மாமியார் பூசினாளாம். பஞ்சை நனைத்துத் துடைத்தேன். நல்ல தோலில் மஞ்சள் போய்விட்டது, கிழிந்த தோலில் போகவில்லை. பிறை பிறையாக, ஒரு பக்கம் நான்கு விரல் நகம், மறுபக்கம் கட்டைவிரல். பூசாமல் விட்டிருந்தால் மணல் கீறியது என்று யாராவது வாதாடியிருப்பார்கள். மறைக்கப் போனவளே எடுத்துக்காட்டிவிட்டாள். உள்ளே கழுத்துத் தசையில் ரத்தம் கட்டியிருந்தது. மூச்சுக்குழாயில் ஒரு பொட்டு மணல்கூட இல்லை. கடலில் போடும்போதே அவளுக்கு மூச்சில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். மாட்டினான் என்று மனசு துள்ளியது. இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டுவிட்டு, அவர் வந்து சேரும்வரை அவனை வெயிலில் காக்கவைத்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

கோர்ட்டில் அவனுடைய வக்கீல் என்னைக் குடைந்து எடுத்தார். நான் அசையவில்லை. தீர்ப்பு நாளில் எனக்கு அங்கே வேலையே இல்லை, லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆயுள் தண்டனை என்றதும் அவன் முகம் வெளுத்ததை ஆசைதீரப் பார்த்தேன்.

வெளியே வராந்தாவில் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிறவள். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

"அலை இட்டுகினு பூட்ச்சின்னே நெனச்சிக்கினு இருந்திருப்பேன் டாக்டரம்மா" என்றாள். "எங்கூட்டுக்காரரையும் கடல்தான் இட்டுகினு போச்சு. பொறுத்துக்கினேன். இப்போ கண்ண மூடுனா அவ கழுத்துதான் தெரியிது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூடு அடுத்த தெருதான். அன்னிக்கு வூட்லதான் இருந்தேன். அவ கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும் இல்ல? என்னைக் கூப்பிட்டிருப்பாளா?"

"கழுத்த அப்படிப் புடிச்சா சத்தம் வராதும்மா. கூப்பிட முடிஞ்சிருக்காது" என்றேன்.

"அப்போ அவ கூப்ட்டு நான் கேக்காம வுட்டுடல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஆயுள் தண்டனை அவனுக்குப் போதாது என்று எனக்கு அப்போது தோன்றியது.