தகரத் தொப்பி போட்ட தீப்பெட்டி

என் சித்தி கல்யாணமாகிப் போன வீட்டை ஊரே தீப்பெட்டி என்றுதான் சொல்லும். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே நீளக் கண்ணாடி ஜன்னல். பேருக்கு ஒரு பூவேலைப்பாடு கிடையாது. கண் டாக்டரான அவள் மாமனார், வெளிநாட்டில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்த ஓர் இளைஞரைப் பிடித்துக் கட்டியது. அப்படியொரு வீட்டை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மழையும் பார்த்ததில்லை போலிருக்கிறது, உள்ளேயே வந்து பார்த்தது.

சித்தி போன முதல் மழைக்கே கூடத்தில் வாளி, கட்டிலில் அண்டா.

"இது கலைம்மா" என்றார் மாமனார்.

"கலை தலையில சொட்டுது மாமா." வாய் அப்படி அவளுக்கு. மனிதர் சிரித்துவிட்டார்.

அவர் கண்மூடிய பிறகு சித்தி முதல் வேலையாகக் கூரைக்கு மேலே சரிவாகத் தகரம் போட்டாள். பார்க்கச் சகிக்காது, ஆனால் ஒரு சொட்டு இறங்கவில்லை. மழை வந்தால் தடதடவென்று காது போய்விடும். "உங்க சித்தப்பா பேசறது கேக்கலைன்னா எனக்கென்னடி நஷ்டம்?" என்பாள்.

சித்தப்பாவும் போன பிறகு கொழுந்தனார் பங்கு கேட்டார். பங்கு என்றால் வீட்டை இடித்து அடுக்குமாடி. சித்திக்கு அந்த வீட்டை விட்டால் வேறு உலகமில்லை. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்று கேள்விப்பட்டு ஓடி மனுப் போட்டாள்.

அரசாங்கத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். சித்தி துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு வெளியே போய் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கூரை இப்படி இருந்திருக்காதே?"

"நான்தான் தகரம் போட்டேன். இல்லாட்டி வீடு என்னைக்கோ ஊறி உக்காந்திருக்கும்."

"அசல் உருவமே போயிடுச்சேம்மா."

"கழட்டிடறேன், இன்னைக்கே."

"தகரத்துக்காக மொட்டைமாடிச் சுவரையே இடிச்சிருக்கீங்களே. சிரமம்மா."

சிரமமாம்! ஒழுகும்போது எட்டிப் பார்த்தார்களா? சித்தி போய் அந்த ஜன்னலை இன்னொரு தடவை துடைத்தாள். மனு தள்ளுபடியான பிறகு வீட்டை இடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில் சித்திக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். முதல் மழையன்று போன் செய்தாள்.

"மழை பெய்யறதே தெரியலைடி. ஊமை வீடு."

மறுநாளே ஒரு தகரத்தை வாங்கிப் பால்கனிக்கு மேல் மாட்டிவிட்டாள். நான் போயிருந்தபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து நின்றார்.

"அதை எடுத்துடுங்கம்மா. கட்டடத்தோட அசல் தோற்றத்தை யாரும் மாத்தக் கூடாது. அதான் விதி."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். செயலாளரும் சேர்ந்து சிரித்தார், பாவம். அவள் அழுகிறாள் என்று எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"இதை நான் முதல் தகரம் போட்ட அன்னைக்கே ஒருத்தர் வந்து சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றாள்.